பிசினஸ் ப்ராசஸ் வரைய எந்த டூல்? விசியோ, டிரா.ஐஓ, பிஸாகி, கமுண்டா மாடலர்: யூஸ் பண்றவங்க சொல்லுங்க

புதுசா_வந்தவன்:
வணக்கம் மக்களே. ஆபிஸ்ல பர்ச்சேஸ், பேமென்ட், ஆள் எடுக்கறதுன்னு எல்லா ப்ராசஸையும் ஒழுங்கா வரைஞ்சு வைக்கணும்னு முடிவாயிருக்கு, பொறுப்பு என் தலைல. இதுவரைக்கும் பவர்பாயிண்ட்ல பாக்ஸ் போட்டு அம்பு போட்டுதான் ஓட்டிட்டு இருந்தோம், நடுவுல ஒரு ஸ்டெப் சேர்க்கணும்னா மொத்தப் படத்தையும் நகர்த்தணும், ஒரே ப்ராசஸுக்கு ஆளுக்கு ஒரு படம் வேற வச்சிருக்காங்க. மேனேஜர் விசியோ வாங்கிடலாம்ங்கிறார், டெவலப்பர்ஸ் கமுண்டா மாடலர் ஃப்ரீதானே அதையே எடுங்கங்கிறாங்க, பக்கத்து டீம் டிரா.ஐஓ போதும்ங்கிறாங்க. வரையப் போறவங்கள்ல பாதிப் பேர் டெக்னிக்கல் ஆளுங்க இல்ல, சிலர் மேக் வச்சிருக்காங்க. பின்னாடி ஒன்னு ரெண்டு ப்ராசஸை ஆட்டோமேட் பண்ணவும் வாய்ப்பு இருக்கு. இதுல எதை எடுக்கறது?

ப்ராசஸ்காரன்:
நண்பரே, டூல் பேரையெல்லாம் கொஞ்சம் ஓரமா வைங்க. உங்களுக்கு வேண்டியது படமா, மாடலா? இதை முடிவு பண்ணாம எந்த டூலை எடுத்தாலும் ஒரு வருஷத்துல திரும்ப இதே கேள்வியோட நிப்பீங்க.

ஸ்க்ரீன்ல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். டிரா.ஐஓல பிபிஎம்என் (ப்ராசஸ் வரையறதுக்கான ஸ்டாண்டர்ட் குறியீடு) ஷேப் லைப்ரரியைத் திறந்து ப்ளஸ் போட்ட டயமண்டை இழுத்துப் போட்டா, அது ப்ளஸ் போட்ட டயமண்ட், அவ்வளவுதான். அது பேரலல் கேட்வே, இங்க வேலை ரெண்டா பிரிஞ்சு ஒரே நேரத்துல நடக்கும்ங்கிறது அந்த டூலுக்குத் தெரியாது. கமுண்டா மாடலர்லயோ பிஸாகிலயோ அதையே போட்டா ஃபைலுக்குள்ளேயே இது பேரலல் கேட்வேன்னு பதிவாகும், அதுக்குள்ள எந்த அம்பு வருது எது வெளிய போகுதுன்னும் பதிவாகும். அதனாலதான் பின்னாடி ஒரு மெஷின் அதைப் படிச்சு செக் பண்ணலாம், சிமுலேட் பண்ணலாம், எஞ்சின்ல (மாடலைப் படிச்சு ப்ராசஸை நடத்துற சாஃப்ட்வேர்) ஓட்டவும் செய்யலாம். படத்துல இதெல்லாம் முடியாது, எவ்வளவு அழகா வரைஞ்சிருந்தாலும் சரி.

ஆட்டோமேட் பண்ண வாய்ப்பு இருக்குன்னு சொல்றீங்கல்ல, அப்ப அந்த ப்ராசஸுக்கு மட்டுமாவது மாடல்தான் வேணும். பிபிஎம்என் முதல் வெர்ஷன் 2004ல வந்தப்ப அது வரையறதுக்கான குறியீடு மட்டும்தான், ஃபைலை எப்படி சேமிக்கணும்னு ஸ்டாண்டர்ட் கிடையாது, அதனால ஒரு டூல்ல வரைஞ்சதை இன்னொன்னுல திறக்கறது பெரிய தலைவலி. 2011ல ஓஎம்ஜி (பிபிஎம்என் ஸ்டாண்டர்டைப் பாத்துக்கற அமைப்பு) 2.0 வெளியிட்டப்பதான் எக்ஸ்எம்எல் ஃபார்மட்டும் அதோட வந்துச்சு, 2013ல அதே ஐஎஸ்ஓ 19510 ஆகவும் ஆச்சு. இன்னைக்கு ஒரு டூலை வாங்குறதுக்கு முன்னாடி நான் கேக்கற முதல் கேள்வி, டாட் பிபிஎம்என் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுமா? பண்ணாதுன்னா அதுல வரையற எல்லாமே அந்த டூலுக்குள்ளேயே மாட்டிக்கும்.

விசியோல பிபிஎம்என் ஸ்டென்சில் இருக்கு, 2010 வெர்ஷன்லயே வந்துருச்சு, டெஸ்க்டாப் வெர்ஷன்ல செக் டயக்ராம் கொடுத்தா இணைக்காத அம்பு மாதிரி தப்பையெல்லாம் காட்டும். ஆனா சேவ் ஆகறது விசியோவோட சொந்த ஃபார்மட்டான விஎஸ்டிஎக்ஸ், நேரா பிபிஎம்என் எக்ஸ்எம்எல்லா வெளிய வராது. டெஸ்க்டாப் விண்டோஸுக்கு மட்டும்தான், மேக்காரங்க ப்ரவுசர் வெர்ஷனை வச்சுத்தான் சமாளிக்கணும், அதுல எல்லா வசதியும் இருக்காது.

ஒயிட்போர்ட்_வள்ளி:
ப்ராசஸ்காரன் சார் சொல்றது டெக்னிக்கலா சரிதான், ஆனா இதைப் படிச்சுட்டு இவர் நேரா போய் பர்ச்சேஸ் டீம்கிட்ட கமுண்டா மாடலரைத் திறந்து காட்டினா அவங்க அடுத்த மீட்டிங்குக்கே வர மாட்டாங்க. நான் வொர்க்‌ஷாப் நடத்துற ஆள், அனுபவத்துல சொல்றேன், ப்ராசஸ் வேலைல கஷ்டமான பகுதி வரையறது இல்ல, நிஜமா என்ன நடக்குதுன்னு ஆளுங்க வாயில இருந்து வரவைக்கறதுதான். கண்ணு முன்னாடி கேட்வே, பவுண்டரி ஈவென்ட்னு ஓடினா அவங்க ப்ராசஸை யோசிக்கறதை விட்டுட்டு குறியீட்டை யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க.

நான் பண்றது இப்படி. முதல் நாள் மிரோ மாதிரி ஒரு போர்டு, ஸ்டிக்கி நோட்டு மட்டும். ஒவ்வொருத்தரும் அவங்க பண்ற வேலையை ஒரு நோட்டுல ஒன்னு எழுதணும், வினைச்சொல்லோட எழுதணும், "இன்வாய்ஸ்"னு எழுதினா ஒத்துக்க மாட்டேன், "இன்வாய்ஸை ஆர்டரோட ஒப்பிட்டுப் பார்க்கறேன்"னு எழுதணும். அப்புறம் யாரு செய்றாங்கன்னு வரிசையா கோடு போட்டு லேன் பிரிப்போம். அப்பத்தான் ஒரு நோட்டு ரெண்டு லேனுக்கு நடுவுல நிக்கும், இது என் வேலை இல்லன்னு ரெண்டு பேரும் சொல்லுவாங்க. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் மொத்த வொர்க்‌ஷாப்பும். அது முடிஞ்சப்புறம் ஒரே ஒரு ஆள் உக்காந்து அதை பிபிஎம்என்ல மாத்தினா போதும், எல்லாரும் அந்த டூலைக் கத்துக்க வேண்டியதே இல்ல.

லூசிட்சார்ட்டும் இந்த மாதிரி சேர்ந்து வரையறதுக்கு நல்லது, ஒரே நேரத்துல பல பேர் உள்ள வந்து கமென்ட் போடலாம், மேக், விண்டோஸ் பிரச்சனை கிடையாது, ப்ரவுசர்தான். ஆனா ஃப்ரீ பிளான்ல எடிட் பண்றதுக்கு மூணு டாகுமெண்ட்தான், உங்க அளவுக்குப் பத்தாது.

ப்ராசஸ்காரன்:
வள்ளி மேடம், வொர்க்‌ஷாப் விஷயத்துல முழுசா ஒத்துக்கறேன். ஆனா பிபிஎம்என்னா பயப்படணும்ங்கிறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஸ்பெக்ல எக்கச்சக்கமா குறியீடு இருக்குங்கிறது உண்மை, அதுல தினசரி தேவைப்படறது ரொம்பக் கொஞ்சம்: ஸ்டார்ட், எண்ட், டாஸ்க், எக்ஸ் போட்ட கேட்வே, ப்ளஸ் போட்ட கேட்வே, பூல், லேன், மெசேஜ், டைமர். இதை ஒரு மதியத்துல சொல்லிக் கொடுத்துடலாம். டைமரை மட்டும் தயவு செஞ்சு விட்டுடாதீங்க, "மூணு நாள்ல அப்ரூவல் வரலன்னா என்ன ஆகும்"ங்கிற கேள்வியைக் கேக்க வைக்கறதே அந்த சின்ன கடிகாரம்தான். சாதா ஃப்ளோசார்ட்ல அதுக்கு இடமே இல்ல, அதனால யாருமே அதைக் கேக்கறதும் இல்ல.

ஆடிட்_டேபிள்:
நான் வேற பக்கத்துல இருந்து வர்றேன், ப்ராசஸ் டாகுமெண்ட்டை வாங்கிப் படிச்சு நிஜமா அப்படித்தான் நடக்குதான்னு பார்க்கறது என் வேலை. எனக்கு எந்த டூல்ல வரைஞ்சீங்கங்கறது முக்கியமில்ல, இது யாரோடது, எப்போ மாத்தினாங்க, யார் ஒத்துக்கிட்டாங்க, முந்தைய வெர்ஷன் எங்கன்னுதான் கேப்பேன். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் சரிபார்த்தது"ன்னு மூணு ஃபைல் ஒரே ஃபோல்டர்ல இருந்தா அங்கேயே என் நம்பிக்கை போயிடும்.

பெரிய கம்பெனிங்க ஏரிஸ், சிக்னாவியோ மாதிரி டூலுக்குப் போறது இதுக்காகத்தான், வரையற வசதிக்காக இல்ல. அதுல எல்லா ப்ராசஸும் ஒரு பொது ரெபாசிட்டரில இருக்கும், "கிரெடிட் செக்"னு ஒரு டாஸ்க்கையோ ஒரு ரோலையோ டிக்‌ஷனரில ஒரு தடவை வச்சுட்டா பல ப்ராசஸ்ல அதையே பயன்படுத்தலாம், பேரை ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறும், அப்ரூவல் சுற்றும் அதுக்குள்ளேயே இருக்கும். ஏரிஸ் 90கள்ல இருந்தே இருக்கு, இபிசின்னு அதுக்குன்னு ஒரு குறியீடே உண்டு, பழைய எஸ்ஏபி ஆளுங்களுக்கு அது நல்லா பழக்கம். சிக்னாவியோவை 2021ல எஸ்ஏபி வாங்கிடுச்சு. ஆனா இதுக்கெல்லாம் விலையும் அதிகம், பாத்துக்க தனியா ஆள் வேணும், பத்து இருபது ப்ராசஸ் வச்சிருக்கற டீமுக்கு இது தேவையில்லங்கறது என் அபிப்பிராயம்.

இன்னொன்னு, பிஸாகி மாடலரை யாரும் பெருசா பேசலையே. டாகுமெண்டேஷனுக்கு அது ரொம்ப நல்ல டூல். ஒவ்வொரு டாஸ்க்குக்குள்ளேயும் விளக்கம், பொறுப்பு யாரு, எந்த டாகுமெண்ட் தேவைன்னு எழுதி வச்சா, அப்படியே படத்தோட சேர்த்து வேர்ட் ஃபைலாவோ பிடிஎஃப்பாவோ எடுத்துக் கொடுத்துடும். எஸ்ஓபி (வேலையை எப்படி செய்யணும்னு சொல்ற டாகுமெண்ட்) எழுதறவங்களுக்கு இதைவிட வேற என்ன வேணும். சிமுலேஷனும் அதுல நாலு நிலையா வரும், முதல்ல ஃப்ளோ சரியா இருக்கான்னு பார்க்கறது, அப்புறம் நேரம், அப்புறம் ஆளுங்க எண்ணிக்கை, கடைசில காலண்டர். அப்ரூவர் ஒருத்தர் லீவுல போனா எவ்வளவு குவியும்னு அதுலயே பார்த்துக்கலாம். விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும்ங்கறதுதான் உங்களுக்குக் கஷ்டம்.

ஐடி_அட்மின்:
ஃபைல் எங்க போய் உக்காருதுன்னு யாருமே கேக்கல. ப்ராசஸ் படம்னா அதுல உங்க கன்ட்ரோல் எல்லாமே இருக்கு, எந்த அளவுக்கு மேல யார் அப்ரூவ் பண்ணனும், எங்க செக் இல்லன்னு வெளிய தெரிஞ்சா வம்பு. டிரா.ஐஓ இந்த விஷயத்துல எனக்குப் பிடிக்கும், வரையற வேலை முழுக்க ப்ரவுசர்லயே நடக்கும், சேவ் பண்றது நீங்க காட்டுற இடத்துல, அது கூகிள் டிரைவோ ஒன்டிரைவோ உங்க சொந்த டிஸ்கோ. நெட்டே இல்லாம ஓடுற டெஸ்க்டாப் ஆப்பும் இருக்கு, மேக்ல, லினக்ஸ்லயும் வரும். பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணும்போது டயக்ராமோட காப்பியையும் உள்ள வைன்னு டிக் பண்ணிட்டா, அந்தப் படத்தையே திரும்ப டிரா.ஐஓல திறந்து எடிட் பண்ணலாம். ஒரிஜினல் ஃபைல் தொலைஞ்சு போச்சுன்னு என்கிட்ட வர்ற ஆளுங்க இதனால ரொம்பக் குறைஞ்சுட்டாங்க.

க்ளவுட் டூல் எடுத்தீங்கன்னா மூணு விஷயம் கேட்டுட்டு எடுங்க: சும்மா பார்க்கறவங்களுக்கும் லைசென்ஸ் வேணுமா, வேலையை விட்டுப் போறவர் வரைஞ்சதெல்லாம் யார் கைக்கு மாறும், சந்தாவை நிறுத்தினா மொத்தத்தையும் ஒரே தடவைல வெளிய எடுக்க முடியுமா. கடைசி கேள்விக்குத்தான் சேல்ஸ் ஆளுங்க பேச்சை மாத்துவாங்க, விடாதீங்க.

ஜாவா_தம்பி:
ஆட்டோமேஷன் பத்தி நான் சொல்றேன். கமுண்டா மாடலர் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும், ஃபைல் நேரா பிபிஎம்என் எக்ஸ்எம்எல், ஃப்ரீ. புது ஃபைல் திறக்கும்போதே கமுண்டா 7க்கா 8க்கான்னு கேக்கும், அதை யோசிச்சு செலக்ட் பண்ணுங்க, ஏன்னா படம் ஒன்னுதான்னாலும் உள்ள கண்டிஷன் எழுதற மொழி வேற, 7ல ஜேயுஇஎல், 8ல ஃபீல். 7லேர்ந்து 8க்கு போறது சும்மா ஃபைலைத் தூக்கிப் போடற வேலை இல்ல. அதோட மாடலர் ஃப்ரீன்னு எஞ்சினும் ஃப்ரீன்னு நினைச்சுடாதீங்க, 2024ல வந்த 8.6ல இருந்து ப்ரொடக்‌ஷன்ல ஓட்ட லைசென்ஸ் வேணும். ஓப்பன் சோர்ஸ் எஞ்சின்தான் வேணும்னா ஃப்ளோவபிளும் பாருங்க, கமுண்டா மாதிரியே அதுவும் ஆக்டிவிட்டிங்கற ஓப்பன் சோர்ஸ் எஞ்சின்ல இருந்து பிரிஞ்சு வந்ததுதான்.

ஒரு முக்கியமான விஷயம். ஆளுங்க புரிஞ்சுக்க வரையற படமும் எஞ்சின்ல ஓடுற மாடலும் ஒன்னாவே இருக்கணும்னு ஆசைப்படுவாங்க, மேனேஜர்ஸுக்கு அது ரொம்பப் பிடிச்ச கனவு. சின்ன ப்ராசஸ்ல நடக்கும். பெருசுல ரீட்ரை, எர்ரர், டேட்டா மாத்தறதுன்னு டெக்னிக்கல் ஸ்டெப் சேர்ந்துகிட்டே போகும், கடைசில பர்ச்சேஸ் மேடத்துக்கு அது புரியாது. அதையெல்லாம் சப்ப்ராசஸுக்குள்ள தள்ளிட்டு மேல்மட்டத்தை அவங்க படிக்கற மாதிரி விட்டுட்டா ரெண்டு பக்கமும் ஓகே.

அப்புறம் டெவலப்பர்ஸ் யாராவது மெர்மெய்ட், பிளான்ட்யூஎம்எல்னு சொல்லுவாங்க, டெக்ஸ்ட்டா எழுதினா படம் தானா வரும், கிட்ல (ஃபைலோட எல்லா வெர்ஷனையும் பதிஞ்சு வைக்கற டூல்) வச்சா எந்த வரி மாறுச்சுன்னு பளிச்சுன்னு தெரியும், கிட்ஹப்ல 2022லேர்ந்து மெர்மெய்ட் அப்படியே படமா தெரியுது. எனக்கு ரொம்பப் பிடிக்கும், எங்க சொந்த டிசைன் நோட்ஸ் எல்லாம் அதுலதான். ஆனா பிசினஸ் ஆளுங்களை அதுல எழுதச் சொல்லாதீங்க, எந்த பாக்ஸ் எங்க வரணும்னு நம்ம கைல இருக்காது, பிபிஎம்என்னும் அது கிடையாது.

புதுசா_வந்தவன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு எதிர்பார்க்கல. ரெண்டு டவுட். ஒன்னு, ட்ரையல்ல ஒரு டூல் எடுத்து அதுல வரைஞ்சு டாட் பிபிஎம்என்னா எக்ஸ்போர்ட் பண்ணேன், அதை பிபிஎம்என்.ஐஓ சைட்ல திறந்தா காட்ட டயக்ராமே இல்லன்னு வருது. ஃபைல் கெட்டுப் போச்சா? ரெண்டு, நான் வரைஞ்ச லாஜிக்கே சரியான்னு பாருங்க: பர்ச்சேஸ் ரிக்வெஸ்ட் வருது, மேனேஜர் ஓகே பண்ணப்புறம் எக்ஸ் போட்ட டயமண்ட், அதுலேர்ந்து ஒரு பக்கம் பட்ஜெட் செக், இன்னொரு பக்கம் வெண்டர் செக், ரெண்டும் முடிஞ்சு ப்ளஸ் போட்ட டயமண்ட்ல சேர்ந்து ஆர்டர் அனுப்புது.

ப்ராசஸ்காரன்:
முதல் டவுட்: ஃபைல் கெடல. அதை நோட்பேட்ல திறந்து பாருங்க. ஒழுங்கான பிபிஎம்என் ஃபைல்ல ரெண்டு பகுதி இருக்கும். மேல ப்ராசஸ்னு ஆரம்பிக்கற பகுதி, அதுல என்னென்ன டாஸ்க், எது எதோட இணையுதுன்னு இருக்கும், அதுதான் அர்த்தம். கீழ பிபிஎம்என் டயக்ராம்னு ஒன்னு, அதுல ஒவ்வொரு பாக்ஸும் எந்த இடத்துல, எவ்வளவு அகலம், கோடு எங்க வளையுதுன்னு எண்களா இருக்கும். உங்க ஃபைல்ல அந்தக் கீழ்ப்பகுதி இல்லாம இருக்கும், டூல் அர்த்தத்தை மட்டும் எழுதிட்டு இடத்தை எழுதல. எக்ஸ்போர்ட் ஆப்ஷன்ல டயக்ராம் இன்டர்சேஞ்ச்னு ஏதாவது இருக்கான்னு தேடுங்க. இல்லன்னா அந்த டூலை விட்டுடலாம். எந்த டூலா இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்டைப் பண்ணுங்க: வரைங்க, எக்ஸ்போர்ட் பண்ணுங்க, வேற டூல்ல திறங்க, திருத்தி திரும்ப முதல் டூலுக்கே கொண்டு வாங்க. நிறமும் ஃபான்ட்டும் போனா பரவாயில்ல, அம்போ லேபிளோ போகக்கூடாது.

ரெண்டாவது: அந்த ப்ராசஸ் ஓடாது. எக்ஸ்னா ஏதாவது ஒரு வழி மட்டும்தான் போகும். ப்ளஸ் வந்து சேர்ற இடத்துல இருந்தா, வர்ற எல்லா அம்புலயும் ஆள் வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கும். பட்ஜெட் பக்கம் ஒன்னு போச்சு, முடிஞ்சு வந்து ப்ளஸ்ல நிக்குது, வெண்டர் பக்கம் யாருமே போகல, அப்ப அது அங்கேயே நிக்கும், ஆர்டர் எந்தக் காலத்துலயும் போகாது. பிரிக்கற இடத்துலயும் ப்ளஸ் போடுங்க, சரியாயிடும். இதுக்கு நேர் எதிரா ப்ளஸ்ல பிரிச்சு எக்ஸ்ல சேர்த்தீங்கன்னா இன்னும் மோசம், பட்ஜெட் முடிஞ்சதும் ஒரு ஆர்டர் போகும், வெண்டர் முடிஞ்சதும் இன்னொரு ஆர்டர் போகும்.

ஜாவா_தம்பி:
இதைக் கண்ணால பார்க்கணும்னா டோக்கன் சிமுலேஷன் ப்ளகின் போட்டு ஓட்டிப் பாருங்க, கமுண்டா மாடலர்ல சேர்த்துக்கலாம், ப்ரவுசர்லயும் டெமோ இருக்கு. ஸ்டார்ட்டை அமுக்கினா டோக்கன்ங்கற ஒரு சின்ன வட்டம் அம்பு வழியா நகர்ந்து போகும், உங்க படத்துல அது ப்ளஸ்கிட்ட போய் நின்னுடும், எல்லாருக்கும் உடனே புரியும். பிபிஎம்என் லின்ட்டும் மாடலர்ல கீழ ப்ராப்ளம்ஸ்னு தப்பு காட்டும், ஆனா அது பேர் இல்லாத டாஸ்க், இணைக்காம விட்ட அம்பு மாதிரி விஷயங்களைத்தான் பிடிக்கும். இந்த மாதிரி நின்னு போற லாஜிக்கை அது பிடிச்சுக் கொடுக்கும்னு நம்பாதீங்க, டோக்கனை ஓட்டிப் பார்த்தாதான் தெரியும்.

ஒயிட்போர்ட்_வள்ளி:
வொர்க்‌ஷாப்லயே இந்த டோக்கனை ஓட்டிக் காட்டுங்க தம்பி சொல்ற மாதிரி. டெக்னிக்கல் இல்லாத ஆளுங்களுக்கு பிபிஎம்என் மேல இருக்கற பயம் போறதுக்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்ல. "அது ஏன் அங்க நிக்குது"ன்னு அவங்களே கேப்பாங்க, அங்கிருந்து பேச்சு தானா போகும். இந்த விஷயத்துல ப்ராசஸ்காரன் சார் பக்கம் வந்துட்டேன்.

ஐடி_அட்மின்:
விசியோவை மொத்தமா ஒதுக்கிடாதீங்க, ஒரு விஷயத்துல அது நல்லா இருக்கும். டெஸ்க்டாப்ல டேட்டா விஷுவலைசர்னு ஒரு வசதி, எக்செல்ல ஸ்டெப் நம்பர், என்ன வேலை, அடுத்த ஸ்டெப் எது, யாரு செய்றாங்கன்னு காலம் போட்டு எழுதினா லேன் பிரிச்சு படத்தை அதுவே வரைஞ்சுடும். எக்செல் மட்டும் தெரிஞ்ச டீமுக்கு இது பெரிய உதவி. ஏற்கனவே நிறைய விசியோ ஃபைல் வச்சிருக்கறவங்க டிரா.ஐஓலயும் விஎஸ்டிஎக்ஸைத் திறந்துக்கலாம், கொஞ்சம் அங்கங்க தட்டி சரி பண்ண வேண்டி வரும்.

புதுசா_வந்தவன்:
ப்ளஸ் மாத்தினேன், டோக்கன் ஓடுது, மேனேஜர்கிட்டயும் காட்டினேன், அவருக்கே பிடிச்சுப் போச்சு. எங்க முடிவு இப்போதைக்கு இது: வொர்க்‌ஷாப்புக்கு ஒயிட்போர்ட், எல்லாரும் பார்க்கற சாதா படங்களுக்கு டிரா.ஐஓ, ஆட்டோமேட் ஆக வாய்ப்பு இருக்கற ப்ராசஸ் மட்டும் கமுண்டா மாடலர்ல, ஃபைல் எல்லாம் கிட்ல. இன்னும் ஒன்னு மட்டும் கேக்கணும், தொகையைப் பொறுத்து அப்ரூவர் மாறுது, டிபார்ட்மெண்ட்டைப் பொறுத்தும் மாறுது, அவசரம்னா வேற ஆள். இதையெல்லாம் டயமண்ட் டயமண்டா போட்டா படம் சிலந்தி வலை மாதிரி ஆகுது. என்ன பண்றது?

ப்ராசஸ்காரன்:
அது ப்ராசஸே இல்ல, அது விதி. படத்துல இருந்து வெளிய எடுத்துடுங்க. "அப்ரூவர் யாருன்னு முடிவு பண்ணு"ன்னு ஒரே டாஸ்க், வகை பிசினஸ் ரூல் டாஸ்க். அதோட டிஎம்என் (முடிவு எடுக்கற விதிகளை எழுதறதுக்கான ஸ்டாண்டர்ட்) டேபிள் ஒன்னை இணைங்க, கமுண்டா மாடலர்லயே அதைத் திறந்து எழுதலாம். இடது பக்கம் தொகை, டிபார்ட்மெண்ட், அவசரமா இல்லையா, வலது பக்கம் அப்ரூவர், ஒரு விதிக்கு ஒரு வரி. மேல ஹிட் பாலிசின்னு ஒன்னு இருக்கும், அதை யுனிக்னு வைங்க, அப்ப ரெண்டு வரி ஒரே நேரத்துல பொருந்தினா அது தப்புன்னு ஆயிடும், உங்க விதிகள்ல எங்க முட்டுதுன்னு அங்கேயே தெரிஞ்சுடும். ஃபர்ஸ்ட்னு வச்சா மேல இருக்கற வரி ஜெயிக்கும், அப்ப யாராவது வரிசையை மாத்தினாலே அப்ரூவர் மாறிடுவார், அதனால நான் அதைத் தவிர்ப்பேன்.

ஆடிட்_டேபிள்:
அந்த டேபிளுக்கும் ஓனர் பேர் போடுங்க, ப்ராசஸ் ஓனரும் இவரும் பெரும்பாலும் வேற வேற ஆளாத்தான் இருப்பாங்க. அப்ரூவல் தொகை ஃபைனான்ஸ் கைல இருக்கும், ஃப்ளோ பர்ச்சேஸ் கைல இருக்கும். டிரா.ஐஓல இருக்கற படத்துலயும் டயமண்ட் வேண்டாம், அந்த டாஸ்க்ல டேபிளுக்கு லிங்க் கொடுத்துட்டா போதும், நாளைக்கு தொகை மாறினா படத்தை யாரும் தொட வேண்டியதில்ல.